பிர்ச் மரத்துக்குத் தூர் குளிர்ந்திருக்க வேண்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வட அமெரிக்காவில் வீடு வாங்கும் நம்மவர்கள் ஆசைப்பட்டு வைக்கும் மரங்களில் பிர்ச்சும் ஒன்று. வைத்த ஐந்தாறு வருடத்தில் பறிகொடுத்துவிட்டு எழுதுபவர்களும் அதிகம். இம்முறை வந்த கேள்விகளில் சில.

எங்கள் வீடு நியூஜெர்சியில். பக்கத்து வீட்டில் வெள்ளைவெளேர் என்று ஒரு பிர்ச் நிற்கிறது. எங்கள் கொல்லைப்பக்கம் மழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் நிற்கும். அங்கே அதே மரத்தை வைக்கலாமா?

அது வேண்டாம். வீடுகளில் பார்க்கும் வெள்ளைப் பட்டை பிர்ச்சுகளில் பல, ஐரோப்பாவிலிருந்தோ ஆசியாவிலிருந்தோ வந்தவை. உங்கள் ஊர்க் கோடை வெயிலில் வாடி, வாடியதும் பூச்சிக்கு இரையாகிவிடும். உங்கள் மண்ணுக்கே உரியது ரிவர் பிர்ச். டெலவேர் ஆற்றங்கரையில் யாரும் நடாமலே வளர்கிறது. வட அமெரிக்காவின் மற்ற பிர்ச்சுகளின் விதை பெரும்பாலும் கோடை முடிவிலோ இலையுதிர் காலத்திலோ முதிரும். இது மட்டும் கோடை தொடங்கும்போதே விதையைக் கொட்டிவிடும். வெள்ளம் வடிந்த ஈர மணலில் உடனே முளைக்க வேண்டும் அல்லவா! இரண்டு நாள் நிற்கும் தண்ணீர் இதற்கு ஒரு பொருட்டே இல்லை.

வெள்ளை இல்லையே என்று வருந்தாதீர்கள். இளம் மரத்தின் பட்டை சுருள் சுருளாக உரிந்து நிற்கும். வெளிப்பக்கம் லவங்கப்பட்டை நிறம், உள்ளே இளஞ்சிவப்பு கலந்த சந்தன நிறம். இலையெல்லாம் கொட்டிய பிறகு, சாயங்கால வெயில் அந்தச் சுருள்களுக்குப் பின்னாலிருந்து விழும்போது பாருங்கள். எனக்கு இந்த மரம் பிடித்துப்போனது அப்படித்தான். இன்னும் வெளிறிய பட்டை வேண்டுமென்றால் நர்சரியில் 'ஹெரிட்டேஜ்' என்று கேளுங்கள்.

சாதாரணமாக 40 முதல் 70 அடி வரை உயரும், அகலமாகவும் பரவும். வீட்டுச் சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே வேண்டாம். வருடம் முழுக்கக் குச்சியும் பூச்சரமும் விதையும் கொட்டிக்கொண்டே இருக்கும். இடம் குறைவு என்றால் 'லிட்டில் கிங்' என்ற குட்டை ரகம் 10, 12 அடியோடு நின்றுவிடும்.

நடும்போது பலர் செய்யும் தவறு, ஆழம். தூரிலிருந்து வேர் விரியத் தொடங்கும் இடம் மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். குழி அகலமாக இருக்கட்டும், ஆழமாக வேண்டாம். மரச்சில்லு மூடாக்கு (மல்ச்) 3 அங்குலம் போதும். அது தண்டைத் தொடக் கூடாது.

நாங்கள் கனடாவில, ஒன்டாரியோ மார்க்கமில இருக்கிறம். மூண்டு வருசத்துக்கு முதல் வச்ச ரிவர் பிர்ச்சின்ர இலை மஞ்சளாப் போகுது, நரம்பு மட்டும் பச்சையா இருக்கு. தண்ணி காணாதோ?

தண்ணீர்ப் பிரச்சினை என்றால் நரம்பும் சேர்ந்து மஞ்சளாகி, உட்பக்க இலைகள் உதிரும். நீங்கள் சொல்வது இரும்புச்சத்துக் குறைபாடு. மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் கார மண்ணில் வேரால் அதை எடுக்க முடியாது. இந்த மரத்துக்கு மண்ணின் பி.எச். (அமில-கார) அளவு 6.5-க்குக் கீழே இருக்க வேண்டும். புது வீட்டுத் திட்டங்களில் மேல்மண்ணை வழித்தெடுத்து, அடிமண்ணின் மேல் புல் விரித்துவிடுகிறார்கள். சிமெண்டுச் சிதறல்களும் சேர்ந்து மண் காரமாகியிருக்கும். முதலில் மண்ணைச் சோதியுங்கள். 7-ஐக் கொஞ்சம் தொடுகிறது என்றால் கந்தகத் தூள் இட்டு, வேர் எளிதில் எடுத்துக்கொள்ளும் கீலேட் வடிவ இரும்பும் கொடுத்துப் பார்க்கலாம். அதற்கும் மேலே போனால் வருடா வருடம் மண்ணோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அப்போது வேறு சாதி மரம் வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

இன்னொன்று. ரிவர் பிர்ச் ஒன்டாரியோவின் சொந்த மரம் அல்ல. அங்கே உரியவை வெள்ளைப் பட்டை கொண்ட பேப்பர் பிர்ச்சும் மஞ்சள் பிர்ச்சும். மஞ்சள் பிர்ச்சின் சிறு குச்சியை நகத்தால் கீறி முகர்ந்து பாருங்கள், மூட்டு வலிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை அப்படியே வரும். இரண்டுக்கும் ஒரே பொருள் காரணம், மெத்தில் சாலிசிலேட்.

மிச்சிகனில் எங்கள் பேப்பர் பிர்ச்சின் உச்சி காய்கிறது. தண்டில் துளைகள். மருந்து அடிக்கலாமா?

முதலில் துளையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். கோடு போட்டது போல வரிசையாக இருந்தால் அது மரங்கொத்தி வகைப் பறவை சாறு குடித்த தடம். பெரும்பாலும் மரம் தாங்கிக்கொள்ளும். அங்கொன்றும் இங்கொன்றுமாக, மிளகைவிடச் சின்னதாக, ஆங்கில 'D' எழுத்து வடிவில் இருந்தால் கவலைப்பட வேண்டியதுதான். அது வெண்கல நிறத் தண்டுதுளைப்பான் வண்டு வெளியேறிய வழி. அதன் புழு பட்டைக்கு அடியில் நெளிந்து நெளிந்து தின்று, மரத்தின் உணவுப் பாதையை அறுத்துவிடும். உச்சியிலிருந்து காய்வது அதனால்தான்.

வண்டும் இந்த மண்ணுக்குரியதுதான். தெம்பாக இருக்கும் பேப்பர் பிர்ச் அதைச் சமாளித்துக்கொள்ளும். ரிவர் பிர்ச்சை அது அநேகமாக நெருங்குவதே இல்லை. வெட்டவெளிப் புல்தரையில், மேற்கு வெயிலில் வேர் சூடேறி நிற்கும் பேப்பர் பிர்ச்தான் மாட்டிக்கொள்கிறது. அது குளிர்ந்த வடக்குக் காட்டு மரம், வேரும் மேலோட்டமானது. வீட்டின் வடக்கிலோ கிழக்கிலோ வைத்து, அடியில் புல்லுக்குப் பதில் மூடாக்கு போட்டு, மழையில்லாத வாரங்களில் ஹோஸை மெல்லத் திறந்துவிட்டு நிதானமாக ஊற வைத்தால் பாதித் தொல்லை வராது.

காய்ந்தது மூன்றில் ஒரு பங்குக்குள் என்றால் உரிமம் பெற்ற மர வல்லுநரை அழையுங்கள். நீங்களே மருந்து ஊற்ற வேண்டாம்; இதற்குக் கொடுக்கும் சில மருந்துகள் தேனீக்களுக்கு நஞ்சு, சில இடங்களில் தடையும் உண்டு. பாதிக்கு மேல் போய்விட்டால் வெட்டிவிடுவதுதான் வழி. சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

எப்போது கவாத்து செய்வது? மார்ச்சில் ஒரு கிளை வெட்டினேன், தண்ணீராகக் கொட்டுகிறது.

பயப்படாதீர்கள், அதனால் மரம் சாகாது. வசந்தத்தில் பிர்ச்சுக்குச் சாறு ஏறும் வேகம் அப்படி. ஆனால் மே முதல் ஜூலை முடிய வெட்டாதீர்கள்; அது வண்டு பறக்கும் காலம், புது வெட்டு அதைக் கூப்பிடும். இலையுதிர் காலத்தின் பிற்பகுதி நல்லது.

வசந்தம் வந்தாலே தும்மல். ஆப்பிள் கடித்தால் வாய் அரிக்கிறது. பிர்ச்சுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பிர்ச் மகரந்தத்தில் உள்ள ஒரு புரதமும் ஆப்பிளில் உள்ளதும் ஒரே சாயல் என்பதால் உடம்பு குழம்பிப்போகும். ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்த பிறகு மரத்தை முடிவு செய்யுங்கள்.

ஊட்டியில் வளருமா?

தென்னிந்தியாவில் பிர்ச் இயற்கையாக இல்லை. அங்கே உங்கள் சோலைக்காட்டு மரங்களை வையுங்கள்.

பட்டையைப் பிள்ளைகள் உரித்து விளையாடுகிறார்கள். பரவாயில்லையா?

பேப்பர் பிர்ச் என்றால் தடுத்துவிடுங்கள். பச்சைப் பட்டையை உரித்த இடம் மறுபடி வெள்ளையாகாது, கறுத்த தழும்பாகவே நிற்கும். சுற்றிவர உரித்தால் மரத்தின் உயிருக்கே ஆபத்து. தானாக உதிர்ந்து கீழே கிடப்பதை எடுத்துக் கொடுங்கள். நம் முன்னோர் பனையோலையில் எழுதிய காலத்தில் காஷ்மீரத்தில் எழுதியது இமயமலை பிர்ச்சின் பட்டையில்தான். பூர்ஜ பத்திரம் என்பது அதுவே. என் மகளிடம் இதைச் சொன்னேன். உதிர்ந்த துண்டு ஒன்றில் பென்சிலால் தன் பெயரைத் தமிழில் எழுதி, பாடப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள்.