அந்நிய முதலீடு: எந்த வழியில் நுழைவது? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: புதிய ஆலை கட்டுவதா, இருக்கும் நிறுவனத்தை வாங்குவதா, எது சிறந்தது?

எந்தத் துறை என்று எழுதாமல் இப்படிக் கேட்டால் பாதிப் பதில்தான் தர இயலும். தன் பலத்தை உற்பத்தி முறையில் வைத்திருக்கும் நிறுவனம் சொந்த ஆலையையே நாடும். 1996இல் ஹூண்டாய் முழு உடைமையுடன் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது அவ்வகை. உரிமமும் சந்தாதாரர்களும் உடனே வேண்டியவர் வாங்குவார். 2007இல் வோடஃபோன், கைப்பேசிச் சேவை நிறுவனமான ஹட்சிசன் எஸ்ஸாரின் 67 சதவீதத்தைச் சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால் வாங்குபவருக்குப் பழைய வில்லங்கங்களும் சேர்ந்தே வரும். இந்திய மருந்து நிறுவனமான ரான்பாக்சியை ஜப்பானின் டாய்ச்சி சான்கியோ வாங்க உடன்பட்ட அதே 2008இல் ரான்பாக்சியின் இரண்டு ஆலைகளின் மருந்துகளுக்கு அமெரிக்கா தடை விதித்தது. உங்கள் துறையில் வெளிநாட்டவர் எவ்வளவு பங்கு, எந்த வழியில் வாங்கலாம் என்ற துறை விதியை முதலில் படியுங்கள்.

கேள்வி: பட்டியலிடப்பட்ட இந்திய நிறுவனத்தில் வெளிநாட்டவர் 8 சதவீதம் வாங்கினால் அது நேரடி முதலீடா?

இல்லை. 10 சதவீதத்தைத் தொட்டால்தான் அது நேரடி முதலீடு, அதாவது தொழிலில் நீண்டகாலப் பங்கு, என்று கொள்ளப்படும்.

கேள்வி: ஜெர்மானிய நிறுவனம் ஒன்று எங்களுடன் சம பங்கில் கூட்டு நிறுவனம் தொடங்க விரும்புகிறது. பிரிவதைப் பற்றி இப்போதே ஒப்பந்தத்தில் எழுதினால் அவநம்பிக்கையாகத் தோன்றாதா?

தோன்றினால் தோன்றட்டும், எழுதுங்கள். சம பங்கு என்பது பார்வைக்கு நியாயமானது, ஆனால் கருத்து வேறுபட்ட நாளில் எவராலும் எதையும் முடிவு செய்ய இயலாத ஏற்பாடு அது. நான் ஆலோசனை சொன்ன ஒரு கூட்டில் பிரியும்போது பங்கின் விலையைக் கணக்கிடும் முறை எழுதப்படாததால், இயந்திரங்கள் இரண்டு ஆண்டுகள் ஓடாமல் கிடந்தன. அந்தத் தொழிலாளர்களின் முகங்கள் இன்னும் என் நினைவில் உள்ளன. வெளிநாட்டவர் கூட்டாளியைத் தேடுவது நிலம், விற்பனையாளர் வலை, அரசு அனுமதிகள் ஆகியவற்றுக்காக. அவற்றைக் கற்றுக்கொண்ட பிறகு தேவை குறைந்துவிடும். 1995இல் மஹிந்திராவுடன் வந்த ஃபோர்டு, 1998இலேயே தன் பங்கை 72 சதவீதமாக உயர்த்திக்கொண்டது. 1984இல் தொடங்கிய ஹீரோ ஹோண்டா 2010 வரை நீடித்தது உண்மை, ஆனால் ஹோண்டா 1999இலேயே இங்கு தனக்கெனத் தனி நிறுவனம் அமைத்துவிட்டது. பழைய கூட்டாளியின் இசைவின்றி அதே தொழிலில் தனியாக இறங்கக் கூடாது என்ற அரசு நிபந்தனையும் 2011இல் நீங்கிவிட்டதால், இனி உங்களுக்குக் காப்பு உங்கள் ஒப்பந்தம்தான்.

எழுதினால் மட்டும் போதாது, வெளிநாட்டவரின் பங்கை என்ன விலைக்குத் திரும்ப வாங்கலாம் என்ற ரிசர்வ் வங்கியின் விதிக்குள் எழுத வேண்டும். டாட்டா டெலிசர்வீசஸில் 2009இல் முதலிட்ட ஜப்பானியத் தொலைத்தொடர்பு நிறுவனம் டோகோமோ, வாங்கிய விலையில் பாதியாவது திரும்பக் கிடைக்கும் என்று எழுதி வாங்கியிருந்தது. 2014இல் வெளியேற முயன்றபோது ரிசர்வ் வங்கி அந்த விலையை ஏற்கவில்லை. நடுவர் மன்றம் வழங்கச் சொன்ன சுமார் 117 கோடி டாலர், 2017இல் தில்லி உயர் நீதிமன்றம் ஏற்ற பிறகே கைக்கு வந்தது.

கேள்வி: மருந்துத் துறையில் 100 சதவீதம் தானியங்கி வழியில் அனுமதி உண்டல்லவா?

புதிய ஆலைக்கு உண்டு, அதாவது அரசின் முன் ஒப்புதல் இல்லாமலே முதலிடலாம். இயங்கும் நிறுவனத்தை வாங்கினால் 74 சதவீதம் வரைதான், அதற்கு மேல் அரசின் ஒப்புதல் வேண்டும். துறை விதியை முதலில் படியுங்கள் என்று மீண்டும் சொல்கிறேன்.

கேள்வி: ஆண்டுக் கட்டணத்துக்கு வணிகப் பெயரைப் பயன்படுத்த உரிமம் தருவதும் நேரடி முதலீடா?

பங்கு மூலதனம் வராதவரை அது முதலீடே அல்ல.