ஆறு இருக்கிறது, விடியல் எங்கே?

கேள்வி: கொத்மலை ஓயாக் கரையை விடியற்காலைக் காட்சியாக நீர்வண்ணத்தில் வரைந்தேன். பாலம், துணி துவைக்கும் கல், சிவப்புச் சேலையில் ஒரு அம்மா, பின்னால் லயமும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) தேயிலை மலையும். பார்த்தவர்கள் அழகு என்கிறார்கள், எனக்கோ கலண்டர் படம் மாதிரி இருக்கிறது. அந்தக் குளிர் ஏன் வரவில்லை?
- வாசகி, தலவாக்கலை

பதில்: தங்கச்சி, நீங்கள் அனுப்பிய படத்தை ரெண்டு நாளாக மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கை நன்றாக ஓடியிருக்கிறது, அந்த அம்மா குனிந்து துணியைப் பிழிகிற முதுகு அப்படியே உயிரோடு இருக்கிறது. ஆனால் மலை உச்சியில் நிற்கும் டர்பன்டைன் மரத்தின் இலையும், காலடிக் கல்லில் இருக்கும் பாசியும் ஒரே அளவு துல்லியமாகத் தெரிகின்றன. நம் ஊர் விடியலில் அப்படித் தெரியுமா? நடுவில் இருக்கும் ஈரக்காற்று வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் தூரத்து மலை வெளிறி, நீலம் பாய்ந்து, ஓரம் கரைந்துதான் நிற்கும். நீங்கள் தெரிந்ததை வரைந்துவிட்டீர்கள், கண்ட பனியை விட்டுவிட்டீர்கள்.

தாளை முழுக்க நனைத்து, மினுமினுப்பு அடங்குவதற்குள் மலையைத் தண்ணியான சாம்பல் நீலத்தில் ஒரே இழுப்பில் போடுங்கள். மலை ஆற்றைத் தொடுகிற இடத்தில் வெறும் தாளை விடுங்கள், பனி அங்கேதான் தேங்கும். கரைக்கு வர வரத்தான் வண்ணம் கெட்டியாக வேண்டும். நம் குளிரில் தாள் காய நேரமெடுக்கும், அவசரப்பட்டு அடுத்த பூச்சைப் போட்டால் சேறாகிவிடும்.

அப்புறம் அந்தச் சிவப்பு. கூரையிலும் பாலத்திலும் அதே சிவப்பு இருப்பதால் சேலை தொலைந்துபோகிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1872இல் லு ஆவ்ர் துறைமுகத்தை வரைந்த ‘உதயம்’ (Impression, Sunrise) ஓவியத்தைப் போனில் தேடிப் பாருங்கள், ஆரஞ்சுச் சூரியன் எரிகிற மாதிரி இருக்கும். அதையே கறுப்பு வெள்ளையாக மாற்றினால் சூரியன் கிட்டத்தட்ட மறைந்துவிடும். சுற்றியுள்ள வானத்தின் வெளிச்ச அளவுதான் அதற்கும். சுற்றிலும் சாம்பல் நீலம் இருப்பதால்தான் அந்த ஆரஞ்சு எரிகிறது. நான் இதைப் பார்த்த அன்று வேறு வேலையே ஓடவில்லை.

கூரையையும் பாலத்தையும் சாம்பலுக்குள் அடக்கிவிட்டு, சேலையைக் கடைசியில் ஒரே தொடுதலில் வையுங்கள். தண்ணீரில் அதன் நிழல் கொஞ்சம் மங்கலாக, நீரோட்டத்தில் உடைந்து கிடக்கட்டும். வரைந்ததும் அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.