ஃபீஸ் பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: கணவருக்கு வேலை போய்விட்டது. மகள் படித்த மெட்ரிக் பள்ளியில் 38,000 ரூபாய் பாக்கி. அதைக் கட்டினால்தான் டி.சி. என்கிறார்கள். டி.சி. இல்லாமல் ஏழாம் வகுப்பில் சேர்க்க முடியாது என்கிறது அரசுப் பள்ளி. பிள்ளை வீட்டிலேயே இருக்கிறாள். என்ன செய்வது?
- வாசகி, திருப்பூர்

பதில்: டி.சி. அப்புறம் வரட்டும், முதலில் பிள்ளை வகுப்பில் உட்காரட்டும். சட்டம் சொல்வதும் அதைத்தான். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 5-இன்படி, வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தலைமை ஆசிரியர் உடனே டி.சி. தர வேண்டும். அது வரத் தாமதமானாலும், அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. இந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கானது; உங்கள் மகள் அதற்குள் வருகிறாள்.

2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. டி.சி. என்பது பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல. அதில் கட்டண பாக்கி என்று குறிப்பு எழுதவும் கூடாது. பெற்றோரின் கடனுக்குப் பிள்ளையின் படிப்பை அடமானம் பிடிப்பது எந்த விதத்திலும் நியாயமில்லை.

இரண்டு மனு எழுதுங்கள். ஒன்று, பிரிவு 5-ஐக் குறிப்பிட்டு அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு. கையில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மற்றொன்று, தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில். பழைய பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் மகளின் பெயரை விடுவிக்காமல் வைத்திருந்தால் புதிய பள்ளியில் பதிவு ஏறாது. பல பெற்றோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆகவே விடுவிக்க உத்தரவிடும்படி அந்த மனுவிலேயே கேளுங்கள். கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். அசையவில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதலாம்.

சரி, அந்த 38,000? அது உண்மையான பாக்கி என்றால் கடன் கடன்தான். பள்ளி உங்கள் மீது சிவில் வழக்குப் போடலாம். மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று இப்போதே பள்ளிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் டி.சி.க்கு ஈடாக வெற்றுக் காசோலையோ, தொகை எழுதாத புரோ நோட்டோ கேட்டால் கண்டிப்பாகக் கையெழுத்துப் போடாதீர்கள்.