சாம்பார் கறையில சோப்பு போட்டா ஏன் சிவக்குது? வேட்டி போச்சா?

கேள்வி: கல்யாணப் பந்தியில வெள்ளை வேட்டி மேல சாம்பார் கொட்டிடுச்சு. வீட்டுக்கு வந்து துணி சோப்பு போட்டு தேய்ச்சா மஞ்சளா இருந்த இடமெல்லாம் ரத்தச் சிவப்பா ஆயிடுச்சு. இது வேற கறையா? போகுமா போகாதா?

பதில்: வேட்டிக்கு ஒண்ணும் ஆகல, பயப்படாதீங்க. அது அதே மஞ்சள் கறைதான், சட்டை மட்டும் மாத்திக்கிட்டிருக்கு. நல்லா தண்ணி விட்டு அலசிட்டு ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டுப் பாருங்க, திரும்ப மஞ்சளாயிடும்.

மஞ்சள்தூளுக்கு நிறம் குடுக்கறது குர்குமின்னு ஒரு பொருள். அது வெளிச்சத்துல இருக்கற ஊதா, நீலப் பக்கத்தை உறிஞ்சிக்கும், மிச்சம் வர்ற வெளிச்சம் நம்ம கண்ணுக்கு மஞ்சளா தெரியுது. துணி சோப்பு காரத்தன்மை உள்ளது, அதாவது புளிப்புக்கு நேரெதிர், அதை அளக்கற பிஹெச் கணக்குல 9, 10ன்னு இருக்கும். காரம் பட்டதும் குர்குமின்ல இருந்து ஒரு ஹைட்ரஜன் கழண்டுடும், அப்புறம் அது நீலத்தை விட்டுட்டு பச்சைப் பக்கத்தை உறிஞ்ச ஆரம்பிக்கும், அதான் சிவப்பு. ஆரத்தி கரைக்கறப்போ மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பு போட்டதும் சிவக்குதே, அதே சமாச்சாரம்தான்.

ஆனா குங்குமம் கொஞ்சம் வேற கதை. அந்தக் காலத்து முறையில மஞ்சளோட வெங்காரம் (போராக்ஸ்), படிகாரம், எலுமிச்சம்பழச் சாறு எல்லாம் சேர்ப்பாங்க. எலுமிச்சை புளிப்பாச்சே, மஞ்சளாத்தானே இருக்கணும்? அங்க வெங்காரத்துல இருக்கற போரான்ங்கற தனிமம் குர்குமினை இறுக்கிப் பிடிச்சுக்கும், அந்தச் சிவப்பு புளிப்புலயும் நிக்கும். லேப்ல போரான் இருக்கான்னு கண்டுபிடிக்கவே மஞ்சள் தோய்ச்ச பேப்பரை யூஸ் பண்ணுவாங்க.

சரி, வேட்டிக்கு வருவோம். குர்குமின் தண்ணியில கரையவே கரையாது, எண்ணெயில நல்லா கரையும், சாம்பார்ல தாளிச்ச எண்ணெயோட சேர்ந்துதான் நூலுக்குள்ள போயிருக்கும், அதனால வெறும் தண்ணியில எவ்வளவு நேரம் ஊற வெச்சாலும் வேஸ்ட். மொதல்ல பாத்திரம் கழுவற லிக்விட் கொஞ்சம் போட்டு கையால மெதுவா கசக்கி எண்ணெயை எடுங்க. அப்புறம் துணி சோப்பு போட்டு அலசிட்டு ஈரத்தோட நேர் வெயில்ல, கறை மேல பார்த்த மாதிரி விரிச்சுப் போடுங்க. காஞ்சா திரும்ப நனைச்சுப் போடுங்க. குர்குமினுக்கு வெயில் ஆகவே ஆகாது, நிறம் குடுக்கற அந்த நீளமான மூலக்கூறை வெயில் துண்டு துண்டா உடைச்சுடும், உடைஞ்ச துண்டுக்கு நிறமே கிடையாது. காசு குடுத்து வாங்கற ஸ்டெயின் ரிமூவரை விட நான் வெயிலைத்தான் நம்புவேன், மழைக்காலம்னா ரெண்டு மூணு நாள் பொறுமை வேணும் அவ்வளவுதான்.

ப்ளீச் போடலாமான்னா, வெறும் வெள்ளை காட்டன்னா போடலாம், ஆனா ஜரிகை கரை இருந்தா வேண்டாம், கறுத்துப் போயிடும். பட்டு வேட்டின்னா தொடவே தொடாதீங்க, பட்டு நூலையே அரிச்சுடும், நேரா டிரை கிளீனிங்ல குடுத்து மஞ்சள் கறைன்னு வாயைத் திறந்து சொல்லிடுங்க. முக்கியமா ப்ளீச்சையும் எலுமிச்சை, வினிகர் மாதிரி புளிப்பு எதையும் சேர்த்துடாதீங்க, குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூம்ல அது ஆபத்து. நீலம் போட்டு மறைக்கறதெல்லாம் வேலைக்கு ஆகாது.

கறை முழுசா போச்சான்னு கண்ணால பார்த்து முடிவு பண்ணாதீங்க. அந்த இடத்துல சோப்புத் தண்ணி கொஞ்சம் தடவிப் பாருங்க, லேசா சிவந்தா இன்னும் மஞ்சள் மிச்சம் இருக்கு, இன்னொரு நாள் வெயில்ல போடுங்க. சிவக்கலேன்னா தாராளமா அயர்ன் பண்ணிக்கலாம்.