மறு: வியாசர்பாடி சந்து, வீட்டுக்குள் மழைத்தண்ணீர்

வாசலில் ஒரு அடி உயரத்துக்குத் திட்டு கட்டினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். அடுத்த மழையில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தண்ணீர் சந்திலிருந்து வருகிறதா, குளியலறை ஓட்டையில் கொப்பளித்து வருகிறதா? பக்கிங்காம் கால்வாய் நிரம்பிவிட்டால் வடிகால் தண்ணீர் பின்னோக்கி ஏறும். அப்போது திட்டு கட்டிய வீடு தொட்டிதான். ஓட்டையின் மேல் பாலித்தீன் சுற்றிய மணல் மூட்டையை வையுங்கள்.

சந்திலிருந்து வந்தால், முதலில் வடிகால் வாயில் அடைத்திருக்கும் கவர், தேங்காய் மட்டை, சேறு எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். திட்டு கட்டினால் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அப்புறம் சண்டைதான்! எங்கள் சந்தில் நடந்தது.

ஐப்பசிக்கு முன்பே சென்னை மாநகராட்சியின் 1913 தொலைபேசி எண்ணுக்குப் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வடிகாலைச் சுத்தம் செய்ய வருபவர்கள் அள்ளிய சேற்றைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போக விடாதீர்கள்.