மரத்தைத் தொடாமலே காட்டை அளக்க முடியுமா?

கேள்வி: விமானத்தில் லேசர் கருவியோடு பறந்து, காட்டில் எவ்வளவு மரம் இருக்கிறது என்று கணக்கிடுகிறார்களாமே, எப்படி? அந்தக் கணக்கை நம்பலாமா?

நம்பலாம். ஆனால் தரையில் இறங்கி அளந்தவர்கள் எவ்வளவு சரியாக அளந்தார்களோ, அவ்வளவுதான் நம்பலாம். பின்லாந்தில் இந்தத் தரவுகளோடு வேலை செய்கிறேன். அந்த நாட்டை வைத்தே சொல்கிறேன்.

கருவி நொடிக்கு லட்சக்கணக்கான லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்பும். ஒவ்வொன்றும் போய்த் திரும்பும் நேரத்திலிருந்து தூரம் தெரியும். தோப்புக்குள் வெயில் திட்டுத்திட்டாகத் தரையில் விழுமே, அந்த இடுக்குகள் வழியாகத்தான் லேசரும் இறங்குகிறது. ஒரே துடிப்பில் ஒரு பகுதி உச்சிக் கிளையில் பட்டுத் திரும்பும், ஒரு பகுதி நடுவில், மிச்சம் தரையில். ஆக, தரை மட்டமும் மர உயரமும் ஒரே பறத்தலில் கிடைத்துவிடும். அடர்ந்த காட்டை மேலிருந்து படம் பிடித்தால் தரையே தெரியாது.

சரி, உயரம் தெரிந்துவிட்டது. மரத்தின் கன அளவு? அடிமரத்தின் பருமனை வானத்திலிருந்து பார்க்க முடியாதே. இதற்கு 1990-களின் பிற்பகுதியில் நார்வேயின் வன ஆய்வாளர் எரிக் நேசெட் முன்வைத்த வழிதான் இன்றும் அடிப்படை. காட்டில் அங்கங்கே வட்டமான மாதிரிப் பரப்புகளைக் குறித்து, உள்ளே இருக்கும் மரங்களின் விட்டத்தை 1.3 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். இனத்தையும் உயரத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். அப்புறம் அதே வட்டத்தில் விழுந்த லேசர் புள்ளிகளோடு பொருத்தி ஒரு சமன்பாடு உருவாக்கி, காடு முழுவதற்கும் அதைப் பயன்படுத்துகிறோம்.

பின்லாந்தில் காட்டை 16-க்கு 16 மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள்; 256 சதுர மீட்டர். மாதிரி வட்டத்தின் வழக்கமான ஆரம் 9 மீட்டர். பரப்பு ஏறக்குறைய 254 சதுர மீட்டர். எந்த அளவுப் பரப்பில் சமன்பாடு உருவானதோ, அதே அளவுக் கட்டத்தில்தான் அது ஒழுங்காகப் பொருந்தும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அதனால்தான் வட்டத்தின் மையத்தைப் பதிவு செய்வதில் அவசரமே கூடாது என்கிறேன். மரத்தடியில் சாதாரண ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும். அப்படித் தள்ளிப்போனால் இந்த வட்டத்து மரங்கள் பக்கத்து இடத்துப் புள்ளிகளோடு சேர்ந்துவிடும். கணினி எதையும் தடுக்காது. சமன்பாடு வரும், வரைபடமும் அழகாக வரும், எண்கள் மட்டும் தவறாக இருக்கும். இலை உதிர்ந்திருக்கும்போது எடுத்த தரவில் உருவான சமன்பாட்டைக் கோடைத் தரவில் போட்டாலும் இதே கதிதான். பிர்ச் மரத்தில் இலை இல்லாதபோது லேசர் இன்னும் ஆழமாக இறங்கிவிடும்.

இன்னும் சில குறைகள் உண்டு. கூர் உச்சிகளில் லேசர் படாமல் போவதால் உயரம் சற்றுக் குறைவாகவே வரும். இளங்கன்றுகள் நிற்கும் இடத்தில் நேரில் போய்ப் பார்ப்பதே மேல். இனத்தைப் பிரிக்க வான்படங்களின் துணை வேண்டும்.

பின்லாந்து 2008-ல் நாடு தழுவிய ஸ்கேனிங்கைத் தொடங்கியபோது சதுர மீட்டருக்கு அரை லேசர் புள்ளிதான், அதாவது இரண்டு சதுர மீட்டருக்கு ஒன்று. 2020-ல் தொடங்கிய புதிய சுற்றில் 5 புள்ளிகள். அங்கே காடுகளில் பெரும்பகுதி தனிப்பட்ட குடும்பங்களின் சொத்து. தங்கள் காட்டின் விவரங்களை அவர்கள் இணையத்திலேயே பார்க்கலாம். பொதுப் பணத்தில் எடுத்த அளவீடு இப்படி மக்களிடம் போய்ச் சேர்வதுதான் நியாயம்.

ஆனால் பைன், ஸ்புரூஸ், பிர்ச் என்று சில இனங்களே நிறைந்த காட்டில் உருவான சமன்பாட்டை வெப்பமண்டலக் காட்டுக்கு எடுத்துப் போக முடியாது. அங்கே ஒரே உயரமுள்ள இரண்டு மரங்களின் கட்டை அடர்த்தி வெகுவாக வேறுபடலாம். உங்கள் பகுதியில் யாராவது இப்படிக் காட்டை அளக்கப்போவதாகச் சொன்னால், எத்தனை மாதிரிப் பரப்புகள், அவற்றை யார் அளக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். விமானம், கருவி பற்றியெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.