சம்பளப் பட்டியலில் இல்லாத பிள்ளை

மதிப்புக்குரிய ஆலோசகர் அம்மா,

எனக்கு 57 வயது. கொட்டாஞ்சேனையில் கணவரும் நானும் ஓர் அச்சகம் நடத்துகிறோம். கலியாண அழைப்பிதழ், அந்தியேட்டிக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம், பில் புத்தகம், கோவில் திருவிழா நோட்டீஸ் என்று வரும் வேலையெல்லாம் செய்வோம்.

என் அக்காவின் மகன் 2014இல் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வவுனியாவிலிருந்து எங்களிடம் வந்தான். இப்போது அவனுக்கு 31 வயது. எங்கள் வீட்டில்தான் தங்கினான், எங்களோடுதான் சாப்பிட்டான். வந்தபோது கடதாசி எண்ணவும் தெரியாத பையன். இன்று வடிவமைப்பு, தகடு, மெஷின், வெட்டு, வாடிக்கையாளரோடு பேச்சு எல்லாம் அவன் கையில். 2022இல் மலிபன் வீதி முழுக்க அலைந்தும் கடதாசி கிடைக்காத நாட்களில், மின்வெட்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, மின்சாரம் வரும் நேரம் பார்த்து நடுச்சாமத்தில் எழும்பி மெஷினை ஓட்டியவன் அவன். அதை நான் மறக்கவில்லை.

நாங்களும் குறை வைக்கவில்லை. கேட்கும்போதெல்லாம் காசு கொடுத்தோம். மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுத்தோம். அவனுடைய தங்கையின் கலியாண நகையில் பாதி நாங்கள் போட்டது. மற்ற நான்கு ஊழியர்களுக்கும் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதி கட்டுகிறோம். இவன் வீட்டுப் பிள்ளை, இவனுக்கு எதற்கு அந்தக் கணக்கெல்லாம் என்று இருந்தோம். எங்கள் ஒரே மகள் லண்டனில் இருக்கிறாள். அவள் திரும்பி வந்து கையில் மை பூசிக்கொள்ளப் போவதில்லை. எங்கள் காலத்துக்குப் பிறகு கடை இவனுக்குத்தான் என்று நானும் கணவரும் எத்தனையோ இரவுகள் பேசியிருக்கிறோம்.

ஆவணியில் அக்கா அவனுக்கு ஒரு சம்பந்தம் பேசினார். நல்ல இடம். என்ன காரணமோ சரிவரவில்லை. அதற்குப் பிறகு இவன் முகமே மாறிவிட்டது. போன மாதம் வந்து நின்று, "சின்னம்மா, வெள்ளவத்தையில் சொந்தமாக ஒரு கடை போடப் போகிறேன்" என்றான். கணவர் ஒரு வார்த்தை பேசாமல் எழும்பிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை திறப்புவிழா அழைப்பிதழைக் கொண்டுவந்து தந்தான். வேறு அச்சகத்தில் அடித்திருக்கிறான். கை தன்பாட்டில் தடவிப் பார்த்தது. தடித்த ஐவரி போர்ட், பெயரில் பொன்னிறத் தாள் அழுத்தியிருந்தது, மடிப்புக் கோடு ஒரு நூல் விலகியிருந்தது. எங்கள் கடையில் அப்படி விலகியிருந்தால் அந்தக் கட்டு முழுவதையும் அவன் ஒதுக்கியிருப்பான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடையின் வாட்ஸ்அப் இலக்கமே அவனுடைய தொலைபேசியில்தான் இருக்கிறது. இத்தனை வருட வடிவமைப்புகளும் அவனுடைய மடிக்கணினியில். வாடிக்கையாளர்கள் அவன் பின்னால் போய்விடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. கணவர், "ஒரு சதமும் கொடுக்க மாட்டேன், திறப்புவிழாப் பக்கமும் போக மாட்டேன்" என்கிறார். அக்காவோ, "என் பிள்ளையிடம் சம்பளமில்லாமல் வேலை வாங்கிவிட்டாய்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். சோறு போட்டவளுக்கு இந்தப் பெயரா? இதற்கிடையில் கணவரின் தம்பி, தன்னுடைய மகனை அனுப்பட்டுமா என்று கேட்கிறார். இரவில் தூக்கம் வருவதில்லை. நன்றி என்ற ஒன்று இந்தக் காலத்தில் இல்லையா? நான் என்ன செய்ய வேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கொட்டாஞ்சேனை

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் மோட்டார் சைக்கிள் இருக்கிறது, நகை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது. உங்கள் பெறாமகனின் சம்பளம் எவ்வளவு என்பது மட்டும் எங்கேயும் இல்லை. நீங்கள் அதை மறைத்ததாக நான் நினைக்கவில்லை. அப்படி ஒரு தொகையே இருந்ததில்லை, ஆகவே எழுத வரவில்லை.

அக்கா சொன்னது பொறுக்க முடியாத பேச்சுத்தான். நீங்கள் கொடுத்ததையெல்லாம் கூட்டினால், மாதச் சம்பளமாகக் கொடுத்திருக்கக்கூடியதைவிட அதிகமாகவும் வரலாம். ஆனால் கேட்டு வாங்கும் காசு எவ்வளவு பெரிதானாலும் வாங்குபவரின் கணக்கில் அது தயவு. மாதக் கடைசியில் கேட்காமல் கைக்கு வருவது சிறிதானாலும் உழைப்பின் பலன். சவர பிளேடு வாங்குவதற்கும் சின்னம்மாவின் முகம் பார்த்துக் கேட்க வேண்டிய நிலையை 20 வயதில் ஒருவர் பொருட்படுத்தமாட்டார். 31 வயதில் அது உறுத்தும்.

அந்தச் சம்பந்தத்தை "என்ன காரணமோ" என்று நீங்கள் ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்கள். நான் அந்த வரியில்தான் நின்றேன். பெண் வீட்டார் முதலில் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. மாப்பிள்ளைக்கு என்ன தொழில், மாதம் கையில் என்ன வரும்? "சின்னம்மாவின் அச்சகத்தில் நிற்கிறார், சாப்பாடும் தங்குமிடமும் அங்கேயே" என்ற பதிலோடு எந்தத் தகப்பனார் பெண் கொடுப்பார்? சம்பளச் சீட்டு இல்லை, சேமலாப நிதி இலக்கம் இல்லை, வங்கியில் கடன் கேட்கப் போனால் நீட்ட ஒரு நியமனக் கடிதம்கூட இல்லை. இது என் ஊகம்தான், அவரிடமே கேட்டுப் பாருங்கள். ஆனாலும் முகம் மாறியது எப்போது என்பதை எழுதியவர் நீங்கள்.

அடுத்தது, கடை அவருக்குத்தான் என்று இரவிரவாகப் பேசிய பேச்சு. அது அவருடைய காதில் விழுந்ததா? எங்கள் வீடுகளில் இப்படிப்பட்டதைப் பிள்ளையிடம் சொல்வதில்லை. சொன்னால் தலைக்கனம் வந்துவிடும், மகள் மனம் நோகும், கண்படும் என்று ஆயிரம் தயக்கங்கள். அவருடைய பக்கத்திலிருந்து பாருங்கள். கடைக்கு உரிமைக்காரி ஒருத்தி லண்டனில் இருக்கிறாள். தனக்கென்று எழுத்தில் எதுவும் இல்லை. இன்னும் பத்து வருடம் நின்றாலும் தன் இடம் என்னவென்று யாரும் சொன்னதில்லை. தெரியாத ஒரு வாக்குறுதியை ஒருவர் எப்படி முறிக்க முடியும்?

அவருக்கு நன்றி இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். வீட்டுக்கு வந்து நேரே நின்று சொல்லியிருக்கிறார், அழைப்பிதழைக் கையில் தந்திருக்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வராமல் விட்டிருக்கவும் முடியும். உங்களை வருத்துவது பிள்ளை வீட்டை விட்டுப் போகிற துக்கம் என்று எனக்குப் படுகிறது. உங்கள் கணவருக்கும் அதேதான், சொல்லப்போனால் அவருக்கு இன்னும் அதிகம். ஒரு சதமும் கொடுக்க மாட்டேன் என்று கத்துகிற ஆண்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அழத் தெரியாதவர்கள் காசுக் கணக்கில் போய் நிற்பார்கள். இப்போது அவரோடு நியாயம் பேச வேண்டாம். "அவன் போவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். கோபத்துக்கு அவரிடம் பதில் இருக்கிறது, இதற்கு இருக்காது.

இனிக் காசு. நான் சட்டத்தரணி அல்ல, ஆனால் பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். மாதச் சம்பளத்தில் முதலாளியின் பங்கு 12 சதவீதம், ஊழியரின் பங்கு 8 சதவீதம். அதோடு 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதம் கட்ட வேண்டும். அவருடைய வேலைக்கு 60,000 ரூபாய் சம்பளம் என்று வைத்தால், உங்கள் பங்கு மட்டும் மாதம் 7,200 ரூபாயும் 1,800 ரூபாயும். மற்ற நால்வருக்கும் கட்டிவிட்டு, எல்லோரையும்விட அதிகம் வேலை செய்தவரை உறவு என்பதற்காக விட்டதை அதிகாரி ஒருவருக்கு விளங்கப்படுத்துவது கடினம். பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணமும் உண்டு. நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்துக்கு யாரும் முறைப்பாடு கொண்டுபோவதற்கு முன் நீங்களே போய்க் கேட்டு, எப்படி நேராக்கலாம் என்று அறிந்து வாருங்கள். பையனையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. கணக்கில் ஒளிவில்லை என்று அவர் கண்ணால் காண்பார்.

வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கும் தொகையான பணிக்கொடைக்கு 1983இல் ஒரு சட்டம் வந்தது. 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள இடங்களுக்கே அது கட்டாயம், உங்களுடையது சிறிய இடம். அதற்காகச் சிறிய முதலாளியிடம் பணிக்கொடை கேட்கவே முடியாது என்றில்லை. தொழில் நியாய சபைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களை அங்கே யாரும் இழுப்பார்கள் என்று பயமுறுத்தவில்லை. அந்தச் சட்டத்தில் நல்ல ஓர் அளவுகோல் இருக்கிறது: பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசி மாதச் சம்பளத்தில் பாதி. 60,000 என்றால் வருடத்துக்கு 30,000, பதினொரு வருடத்துக்கு 330,000 ரூபாய். ஒரே தடவையில் முடியாவிட்டால் மூன்று தவணையாகக் கொடுங்கள். தொகையையும் திகதிகளையும் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். உறவுக்குள் எழுத்தா என்று உங்கள் கணவர் கேட்பார். எழுத்து இல்லாததால் வந்ததுதான் இந்தக் கடிதம்.

மோட்டார் சைக்கிளைக் கழிக்கலாமா என்று நினைப்பீர்கள். அதைப் பரிசாக விட்டுவிடுங்கள். நகையைக் கட்டாயம் இழுக்காதீர்கள். அதைச் சம்பளக் கணக்கில் சேர்த்த நிமிடத்தில், அந்தப் பெண்ணின் கழுத்தில் கிடக்கும் சங்கிலி கடன்பட்ட சங்கிலியாகிவிடும்.

நீங்கள் கேட்டுப் பெற வேண்டியவையும் உண்டு. வாட்ஸ்அப் இலக்கம் கடைக்குரியது. அந்த சிம் அட்டை கடையின் தொலைபேசி ஒன்றுக்கு மாற வேண்டும். வடிவமைப்புக் கோப்புகள் முழுவதையும் ஒரு வன்தட்டில் பதிந்து தரச் சொல்லுங்கள். முற்பணம் வாங்கிய வேலைகளின் பட்டியல், யாரிடம் எவ்வளவு நிலுவை, எந்தக் கோவிலுக்கு எந்தத் திகதியில் நோட்டீஸ் என்பவற்றையும் அவர் எழுதித் தந்துவிட்டுப் போக வேண்டும். சாப்பாட்டு மேசையில் இதைப் பேசாதீர்கள், அங்கே நீங்கள் சின்னம்மா. அச்சகத்தில், மெஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமையில், கணக்குக் கொப்பியை நடுவில் வைத்துப் பேசுங்கள்.

வாடிக்கையாளர் பயம் பாதி வீண் பயம். அவர் வடிவமைக்கும் அழைப்பிதழுக்காக வருகிறவர்கள் அவரிடம் போவார்கள், அவர்களைப் பிடித்து வைக்க முடியாது. பில் புத்தகம் அடிக்கும் கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் காலி வீதி நெரிசலைத் தாண்டி வெள்ளவத்தைக்குப் போகமாட்டார். இன்னொன்று, அவர் மெஷின் வாங்குகிறாரா என்று விசாரித்தீர்களா? வெள்ளவத்தை வாடகைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் கணினியை மட்டும் வைத்துக்கொண்டு அச்சு வேலையை வெளியே கொடுப்பதுதான் வழக்கம். அந்த வெளி வேலை உங்கள் மெஷினுக்கே வரக்கூடும். இப்போது நீங்களாகக் கேட்க வேண்டாம், கணக்குத் தீர்ந்த பிறகு அவராகக் கேட்க இடம் வையுங்கள்.

திறப்புவிழாவுக்குக் கட்டாயம் போங்கள். கணக்கை அதற்கு முன் முடித்துவிடுங்கள், அன்றைக்குக் காசுப் பேச்சு வேண்டாம். விளக்கேற்றக் கூப்பிட்டால் ஏற்றுங்கள். மடிப்புக் கோடு விலகிய கதையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கணவர் வராவிட்டால் நீங்கள் தனியாகப் போய் வாருங்கள், "அவருக்கு மனம் சரியில்லை" என்ற உண்மையைச் சொன்னால் போதும். அக்காவுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லிச் சண்டையை வளர்க்காதீர்கள். தீர்த்த கணக்கின் பிரதியை மகனே தாயிடம் காட்டுவார்.

தூக்கமின்மை இன்னும் சில வாரங்களுக்குத் தொடர்ந்தால் வைத்தியரைப் பாருங்கள். இரவில் யாரோடாவது பேச வேண்டும் போலிருந்தால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

கடைசியாக, மைத்துனரின் மகன். உறவினரை வேலைக்கு எடுக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன், கொழும்பில் பாதிக் கடைகள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் பழைய கணக்குத் தீராமல் புதியவரைக் கொண்டுவந்தால் போகிறவரின் இடத்தை அவசரமாக அடைத்ததுபோல இருக்கும், வருகிறவரும் அந்தக் கசப்புக்குள்ளேயே வேலை பழகுவார். தை பிறந்த பிறகு வரட்டும். வரும்போது கையில் நியமனக் கடிதம், அதில் சம்பளத் தொகை, வேலை நேரம், விலகுவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பது. முதல் மாதத்திலிருந்தே சேமலாப நிதி. தங்குவதற்கு உங்கள் வீடு வேண்டாம், பக்கத்தில் ஓர் அறை பார்த்துக் கொடுங்கள், ஞாயிறு மதியம் சாப்பிட வரட்டும். வேலையில் திட்டுவது உங்கள் கணவரா நீங்களா என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள், இரண்டு பேரும் திட்டினால் பையன் மாதம் தாங்கமாட்டான். மைத்துனர் இந்த நிபந்தனைகளைக் கேட்டு முகம் சுளித்தால், வேறு ஆள் தேடுவதாகச் சொல்லிவிடுங்கள்.